வெள்ளைக் கோட்டின் மேல் பழனிக்கு

காரைக்குடிப் பக்கத்திலிருந்து தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களிடம் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "எத்தனாவது வருஷம்?"

முதல் வருஷம் என்றால் கூட்டமே நம்மைத் தாங்கும். பையை வாங்கிக்கொள்வார்கள். காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார்கள். இரண்டாவது வருஷம் என்றால் கையில் வாளியைக் கொடுத்து, "அந்தப் பந்திக்கு ரசம் ஊத்துப்பா" என்பார்கள். அந்த வாளியிலிருந்துதான் எனக்கு இந்தப் பாதை தெரிய ஆரம்பித்தது.

குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி. ஏறத்தாழ 160 கிலோமீட்டர். இந்த வழியில் நகரத்தார் காவடி சுமார் 400 ஆண்டுகளாகப் போய்க்கொண்டிருக்கிறது. பழனிப் பக்கம் உப்பு வணிகம் செய்யப் போன செட்டியார் ஒருவரிடமிருந்து இந்த வழக்கம் தொடங்கியதாகச் சொல்வார்கள். இன்று எல்லாச் சமூகத்தாரும் நடக்கிறார்கள். பச்சையும் மஞ்சளும் காவியுமாகச் சாலை நிறைந்து போகிறது.

முதல் தடவை நடப்பவனுக்கு உடம்புதான் உலகம். அடுத்த ஊர் எவ்வளவு தூரம், கால் தாங்குமா, எல்லாரோடும் போய்ச் சேர்ந்துவிடுவோமா என்பதிலேயே மனசு நிற்கும். வேண்டுதல் வேறு நெஞ்சில் கனக்கும். இரண்டாம் முறை நான் எதையும் வேண்டிக்கொண்டு கிளம்பவில்லை. உடம்புக்கும் வழி பழகியிருந்தது. அதனால் கண் சும்மா இருந்தது.

முதலில் கண்ணில் பட்டது நிலா. தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் நடப்பதெல்லாம் வளர்பிறையில். முதல் சில நாள் பின்னிரவில் மூன்று மணிக்கு எழுந்து புறப்படும்போது நிலா மறைந்து, சாலை கும்மிருட்டாக இருக்கும். நாளாக ஆக அது நம்மோடு கூடுதல் நேரம் தங்கும். ஒட்டன்சத்திரம் தாண்டும்போது விடிகிற வரைக்கும் மேற்கே, நாம் போகிற திசையிலேயே, முழுசாக நிற்கும்.

பிறகு வெள்ளைக் கோடு. பெரும்பாலோர் வெறுங்காலோடுதான் நடக்கிறோம். தை மாதப் பனியெல்லாம் காலை எட்டு மணி வரைதான். பத்து மணிக்குத் தார் கொதிக்கும், ஜல்லி குத்தும். சாலை ஓரத்தில் பெயின்டில் போட்ட வெள்ளைக் கோடு மட்டும் சூடு குறைவாக, கொஞ்சம் வழவழப்பாக இருக்கும். பழகியவர்கள் அதன் மேலேயே ஒருவர் பின் ஒருவராகப் போவார்கள். புதிதாக வந்த ஒரு கல்லூரிப் பையன் தார் மேல் துள்ளித் துள்ளி நடந்தான். தோளைப் பிடித்துக் கோட்டின் மேல் நிறுத்தினேன். அப்புறம் அவன் தன் பின்னால் வந்தவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தான்.

சமுத்திராப்பட்டியில் தங்கிய இடத்தில் ஓர் ஆச்சி கொப்புளம் பார்த்தார். முன்னால் நீளமான வரிசை. ஊசியை மெழுகுவத்தித் தீயில் காட்டி, வெள்ளை நூல் கோத்து, கொப்புளத்தின் ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் எடுப்பார். நூலை உருவிவிட மாட்டார். இரு முனையும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி நறுக்கிவிடுவார். தோல் கிழியாமல் நூல் வழியே நீர் கசிந்து இறங்கிவிடும். மேலே கொஞ்சம் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும். முதல் வருஷம் அவர் முன்னால் காலை நீட்டியவன் நான். இந்த முறை டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நத்தம் தாண்டி, கோபால்பட்டிக்கு முன்னால் ஒரு வீட்டு வாசலில், பின்னிரவு அகால நேரத்தில் அண்டா நிறையச் சுக்குக் காப்பி. குடும்பமே தூங்காமல் நின்று ஊற்றிக் கொடுத்தது. "நீங்க மலைக்கு வரலையா?" என்றேன். "நீங்க போனா நாங்க போன மாதிரிதாங்க" என்று அந்த அம்மா மஞ்சள் துணியில் முடிந்த காசைக் கையில் வைத்தார், உண்டியலில் போடச் சொல்லி. இப்படி வழிநெடுகக் காசு வாங்கிப் போகிறவர்கள் நிறையப் பேர். அவரவர் முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே சேர்க்க வேண்டும் என்பது எங்கள் கூட்டத்தில் கட்டாயம்.

விருப்பாச்சியில் கொஞ்ச நேரம் நின்றேன். 1772இல் காளையார்கோயிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பின் சிவகங்கை ராணி வேலு நாச்சியார் அடைக்கலம் புகுந்தது இந்தப் பாளையத்தில்தான். சிவகங்கைச் சீமையிலிருந்து நடந்து வருகிறவனுக்கு அந்தத் தூரம் காலில் புரிகிறது. பஞ்சாமிர்தத்தில் சேர்கிற மலைவாழைக்கும் இந்த ஊர் பெயர்தான், விருப்பாச்சி வாழை. இடது கைப்பக்கம் கொடைக்கானல் மலைத்தொடர் கூடவே வருகிறது.

அக்கறையோடு ஒன்று சொல்ல வேண்டும். விடியுமுன் இருட்டில், வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலையின் இடது ஓரமாகக் கூட்டம் கூட்டமாக நடப்பது உயிரை வாங்கும் பழக்கம். ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி லாரிகள் ஓடுகிற நேரம் அது. எதிரே வரும் வண்டி தெரிகிற மாதிரி வலது ஓரம் நடங்கள். ஒளிரும் பட்டையைப் பையின் மேல் ஒட்டுங்கள். பக்தர்களுக்கென்று நடைபாதை போட்ட இடத்தில் அதைவிட்டு இறங்காதீர்கள். சாப்பிட்ட தட்டையும் கப்பையும் வயலில் வீசாதீர்கள். நாம் 'அரோகரா' சொல்லிப் போன பிறகு அதைப் பொறுக்குகிறவர்கள் அந்தந்த ஊராட்சியின் தூய்மைப் பணியாளர்கள். அந்த வேலையை அவர்கள் தலையில் கட்ட எந்த விரதமும் நமக்கு உரிமை தரவில்லை.

மலையேறித் தரிசனம் முடித்து இறங்கினால், அடிவாரத்தில் பஸ்ஸுக்கு இடம் பிடிக்கும் நெரிசல். மற்ற எல்லோருக்கும் நடை அங்கேயே முடிந்துவிடுகிறது. நகரத்தார் காவடிகள் மட்டும் நடந்தே ஊர் திரும்புகின்றன. அப்போது சாலையோரப் பந்தல்களில் பெரும்பாலானவற்றைப் பிரித்திருப்பார்கள். மோர் நீட்ட ஆள் இருக்காது. எதிரே கூட்டமும் வராது.

வரும் தையில் திரும்பும் நடையிலும் சேர்ந்துகொள்ளலாமா என்று அவர்களில் ஒரு பெரியவரிடம் கேட்டேன். "விறகடுப்புல சமைக்கத் தெரியுமா?" என்றார். கற்றுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.