இனிய பேச்சை நம்பிய ஒன்பது இளைஞர்கள்

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘சஞ்சுரோ’ 1962ஆம் ஆண்டு வெளிவந்தது. வாள்வீரர்களின் கதை என்பதால் பலரும் இதனைச் சண்டைப் படமாகவே நினைவில் வைத்திருக்கின்றனர். ஆனால், ஊழல் செய்பவர்கள் நேர்மையானவர்களின் கோபத்தையே தமக்குச் சாதகமாக்கிக் கொள்வது எப்படி என்பதை இப்படம் மிக எளிமையாக விளக்குகிறது.

ஒரு பிரபுவின் ஆட்சிப் பகுதியில் ஊழல் நடப்பதை ஒன்பது இளம் சாமுராய்கள் அறிகின்றனர். அவர்களில் ஒருவரான இசாகா, தன் மாமாவும் நிர்வாகத் தலைவருமான முட்சுடாவிடம் மகஜர் கையளிக்கிறார். அவர் அதைக் கிழித்துவிடுகிறார். அடுத்து, கண்காணிப்பு அதிகாரியான கிகுயியிடம் செல்கிறார். கிகுயியோ அன்பாகப் பேசி, அனைவரையும் ஓரிடத்தில் கூட்டுமாறு கூறுகிறார். இளைஞர்கள் மகிழ்ந்து போகின்றனர்.

அவர்கள் கூடிய கோயிலின் உள்ளறையில் படுத்திருந்த, அழுக்கு உடையணிந்த ஊர்சுற்றி வாள்வீரன் ஒருவன் கொட்டாவி விட்டபடி வெளியே வருகிறான். டொஷிரோ மிஃபூனே நடித்த பாத்திரம் அது. உண்மையான ஊழல்வாதி கிகுயிதான் என்கிறான் அவன். இருவரையும் அவன் பார்த்ததே இல்லை. ஆகவே முகமோ பேச்சோ அவனை மயக்கவில்லை. ஒருவர் இளைஞர்களை ஆபத்திலிருந்து விலக்கப் பார்த்தார். மற்றவர் எல்லோரையும் ஒன்றாகச் சேர்க்கச் சொன்னார். அவன் எடைபோட்டது இந்தச் செயல்களை மட்டுமே. சற்று நேரத்தில் கிகுயியின் ஆட்கள் கோயிலைச் சூழ்ந்துகொள்கின்றனர்.

பின்னர் முட்சுடா கடத்தப்படுகிறார். ஊழல் செய்தவர் அவரே என்று பழி சுமத்தி, ஒப்புதல் வாக்குமூலம் எழுதித் தருமாறு வற்புறுத்துகின்றனர். அதிகாரிகளின் முறைகேடுகளைக் கண்டுபிடிப்பதே கிகுயியின் பதவிக்குரிய கடமை. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

முட்சுடாவிடமும் ஒரு குறை உண்டு. எல்லாவற்றையும் சத்தமின்றித் தானே தீர்த்துவிட நினைத்தார். அந்த மௌனமே அவர்மீது சந்தேகத்தை வளர்த்தது.

இளைஞர்கள் பாடம் கற்றார்களா? இல்லை. தங்களைக் காப்பாற்றிய வீரனையே, அவனது முரட்டுப் பேச்சுக்காகச் சந்தேகிக்கின்றனர். அவனைப் பின்தொடர்ந்து சென்ற நால்வர் பிடிபடுகின்றனர். அவர்களை மீட்பதற்காக அவன் காவலர்களைக் கொன்று குவிக்க நேர்கிறது.

நல்ல வாள் உறையில்தான் இருக்கும் என்று முட்சுடாவின் மனைவி அவனுக்கு முன்பே நினைவூட்டியிருந்தார். இறுதிச் சண்டையில் அவன் வென்றதும் இளைஞர்கள் வியந்து பாராட்டுகின்றனர். அவனோ கோபத்துடன் அதட்டுகிறான்.

ஊழலை எதிர்க்கத் துணிவு வேண்டும். ஆனால், இனிக்கப் பேசுபவர் நம்மிடம் என்ன செய்யச் சொல்கிறார், அதனால் யாருக்கு இலாபம் என்று கேட்காத துணிவு, ஊழல்வாதிக்கே உதவியாக முடியும்.