நாயைப் பிரிய நேர்ந்தால்...

மகன் வீட்டோடு இருக்க மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் குடிபெயரும் கிராமத்துப் பெற்றோர், நிலத்தைக் குத்தகைக்கும் மாட்டைப் பங்காளிக்கும் விட்டுவிடுகிறார்கள். நாயைத்தான் என்ன செய்வதென்று தெரிவதில்லை. களத்துமேட்டில் நெல்லுக்குக் காவல் கிடந்த நாய்க்கு அடுக்குமாடியில் இடமில்லை. தெருவில் விட்டு வந்தவர்கள், ‘இப்போது எங்கே கிடக்கிறதோ’ என்று வருடக்கணக்கில் மருகுகிறார்கள்.

வீட்டில் வளர்ந்த நாய்க்கு இரை தேடிப் பழக்கமில்லை. தெருவில் ஏற்கெனவே இருக்கும் நாய்கள் புதியதைக் கடித்து விரட்டும். வளர்த்த விலங்கைக் கைவிடுவது, 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

தி.நகரில் 1959-ல் மழைவெள்ளத்தில் தத்தளித்த இரண்டு குட்டிகளை விமானி கேப்டன் வி.சுந்தரம் வீட்டுக்குத் தூக்கி வந்தார். புளூ கிராஸ் அமைப்பின் தொடக்கம் அதுதான். ஆனாலும், காப்பகம் கடைசி வழியாகவே இருக்கட்டும். அங்கே பல நாய்களில் அதுவும் ஒன்று. நாய்க்குப் பழக்கமான உறவினர், பக்கத்துத் தோட்டத்துக்காரரை முதலில் கேளுங்கள்.

கொடுக்கும் முன் ரேபிஸ் தடுப்பூசி போட்டு, அட்டையையும் ஒப்படையுங்கள். இரண்டு, மூன்று முறை நீங்களே அழைத்துப் போய், அவர்கள் கையால் சோறு வைக்கச் சொல்லுங்கள். படுத்த சாக்கையும் தட்டையும் கூடவே கொடுங்கள். பழகிய வாசனை அதை அமைதிப்படுத்தும். முதல் இரண்டு வாரம் அவிழ்த்துவிட்டால், பழைய வீட்டைத் தேடி ஓடிவிடும். இரண்டு நாள் சாப்பிடாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

ஊருக்குப் போகும்போது போய்ப் பாருங்கள். நன்றாக இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால், நினைவு இருக்கும், உறுத்தல் இருக்காது.