பழைய தழும்புன்னு விட்டுடாதீங்க

தோள்பட்டையிலோ மார்பிலோ கெட்டியாக ஒரு தடிப்பு. வலி பெரும்பாலும் இருக்காது. "கொழுப்புக் கட்டி, விடுங்க" என்று வீட்டில் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரியாகத்தான் இருக்கும். ஆனால் அபூர்வமாகச் சிலருக்கு அது டெர்மட்டோஃபைப்ரோசார்க்கோமா புரோட்டியூபரன்ஸ் என்ற தோல் புற்றுநோயாக இருக்கலாம். பெயர் வாயில் நுழையாது, மருத்துவர்களே டி.எஃப்.எஸ்.பி. என்று சுருக்கித்தான் சொல்கிறார்கள். 20 முதல் 50 வயதுக்குள் அதிகம் வருகிறது. அமெரிக்காவில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் சுமார் 4 பேருக்குத்தான் வருகிறது.

பதற வேண்டாம். இது மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது மிகக் குறைவு. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மேலே தெரியும் கட்டி சிறியது. அடியில் அது வேர் மாதிரி பக்கவாட்டில் ஓடியிருக்கும். கொழுப்புக் கட்டி என்று நினைத்து மேலோட்டமாக எடுத்துவிட்டால், மிச்சம் மீண்டும் வளரும். அடுத்த அறுவை சிகிச்சை முதலாவதைவிடப் பெரிதாகிவிடும்.

கண்ணால் பார்த்து மட்டும் இதை உறுதி செய்ய முடியாது. ஆழம் வரை சதை எடுத்துப் பயாப்ஸி செய்ய வேண்டும். மேல்தோலை மட்டும் சீவி எடுத்தால் போதாது. நுண்ணோக்கியில் செல்கள் கோரைப்பாய் பின்னல் போலத் தெரியும். சாதாரண நார்க்கட்டியிலும் அப்படித் தெரியலாம் என்பதால், சி.டி.34 என்ற சாயப் பரிசோதனை செய்வார்கள். டி.எஃப்.எஸ்.பி.யில் பெரும்பாலும் சாயம் பிடிக்கும், சாதாரண நார்க்கட்டியில் பொதுவாகப் பிடிக்காது. அப்போதும் சந்தேகம் என்றால் மரபணுப் பரிசோதனை. 17, 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

உங்கள் வேலை இரண்டுதான். மாதம் ஒருமுறை தடிப்புக்குப் பக்கத்தில் 10 ரூபாய் நாணயத்தை வைத்து மொபைலில் படம் எடுங்கள். நாணயத்தின் குறுக்களவு 27 மி.மீ.; வளர்ச்சி தெரிந்துவிடும். வளர்ந்தாலோ, எடுத்த இடத்திலேயே திரும்ப வந்தாலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள். இன்னொன்று: எந்தக் கட்டியை எடுத்தாலும், "சதையை லேபுக்கு அனுப்புறீங்களா டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், அது உங்கள் உரிமை. ரிப்போர்ட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு மருத்துவமனைக்குப் போனால் லேபில் இருக்கும் ஸ்லைடையும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிச் செல்லலாம்.

எங்கே போவது என்ற குழப்பம் இருந்தால் 104 எண்ணில் கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், சிகிச்சைக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுத் திட்ட கவுண்டரில் காட்டிவிடுங்கள்.