பாட்டையும் கால ஒழுங்கும்: கலைச்சொல் நோக்கில் ஒரு விளக்கம்

காவிரியின் சிவசமுத்திர அருவியில் ஆக்கப்பெற்ற மின்சாரம், ஏறத்தாழ 147 கி.மீ. கடந்து, பூதிகோட்டையை அடுத்த கோலார் தங்கவயலுக்கு 1902இல் வந்து சேர்ந்தது. மின்நிலையங்களில் மின்னாக்கிகள் பலவற்றையும் இணைக்கும் பொதுவான உலோகச் சட்டத்தைப் பொறியாளர் ‘பஸ்பார்’ என்பர். கணிப்பொறியியலில் வழங்கும் ‘பஸ்’ என்னும் சொல் இம்மின்துறை வழக்கின் வழிவந்ததே. தமிழில் இது ‘பாட்டை’ எனப் பெயர்க்கப்படுகின்றது. அப்பாட்டையில் உள்ளீடும் வெளியீடும் நிகழும் கால ஒழுங்கைக் குறிக்கும் சொற்கள் எவ்வாறு அமையவேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

‘ஆம்னிபஸ்’ என்பது ‘எல்லார்க்கும்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல். இதில் ‘ஆம்னி’ பகுதி. ‘பஸ்’ பன்மைக்குரிய நான்காம் வேற்றுமை ஈறு. பகுதி மறைய, ஈறே பெயராய் நின்றது. ‘பாட்டை’ செல்வழியைச் சுட்டுகின்றதேயன்றிப் பொதுமையைச் சுட்டவில்லை. கால ஒழுங்கின் தேவையோ அப்பொதுமையிலிருந்தே பிறக்கின்றது. நினைவகம், விசைப்பலகை, அச்சுப்பொறி ஆகியன ஒரே கம்பித்தொகுதியைப் பகிர்வதால், ஒரு நேரத்தில் ஒன்றே அதில் செய்தியை இடலாம். எப்பொழுது இடுவது, எப்பொழுது எடுப்பது என்னும் வரையறை இன்றியமையாதது.

1976இல் வெளிவந்த இன்டெல் 8085 செயலியை எடுத்துக்கொள்வோம். 3 மெகாஹெர்ட்சில் அதன் கடிகை நொடிக்கு 30 இலட்சம் முறை துடிக்கும். உள்ளீட்டைப் படிக்கும் சுற்று மூன்று துடிப்புகளில் முடியும். முதலாவதில் முகவரி இடப்படும். இரண்டாவதில் ‘படி’ என்னும் குறிப்பு எழும். மூன்றாவதில் தரவு பெறப்படும். கருவி ஆயத்தமாகவில்லையெனில், இரண்டாவதன்பின் காத்திருப்புத் துடிப்புகள் செருகப்படும். இக்கடிகை மணி காட்டுவதன்று, தாளம் தருவது. ஆகவே ‘கடிகாரம்’ என்பதினும் ‘கடிகைத் துடிப்பு’ என்பதே தெளிவுடைத்து.

1979இல் வெளிவந்த மோட்டரோலா 68000 வேறு நெறியைக் கையாண்டது. செயலி முகவரியை இட்டு, கருவியிடமிருந்து ஏற்புக் குறிப்பு வரும்வரை சுற்றை முடிக்காது. இதனை ‘ஒத்தியங்காப் பாட்டை’ என்பர். எதிர்மறை ஈறு, இங்கே ஒத்திசைவே இல்லை என்னும் மயக்கத்தைத் தருகின்றது. உண்மையில் வினாவும் விடையுமாக ஒத்திசைவு நிகழ்கின்றது. பொதுத் தாளம் மட்டுமே இல்லை. ‘மறுமொழிவழிப் பாட்டை’ எனின் இம்மயக்கம் நீங்கும்.

காத்திருத்தலிலும் இருவகை உண்டு. முன்னர்க் கூறிய காத்திருப்பின்போது செயலி வேறெதுவும் செய்வதில்லை. அது சில துடிப்புகளுக்கே ஏற்றது. நொடிக்கு ஐந்து எழுத்துகளைத் தட்டுபவரின் இரு தட்டல்களுக்கிடையே 8085இல் ஆறு இலட்சம் துடிப்புகள் கழிந்துவிடும். அத்தனையும் வாளா இருத்தல் ஒல்லாது. எனவே செயலி பிற பணிகளைச் செய்திருக்க, விசை அழுத்தப்பட்டதும் கருவியே அதனை அழைக்கின்றது. இதனைக் ‘குறுக்கீடு’ எனப் பெயர்ப்பதுண்டு. இயற்பியலில் அலைகள் ஒன்றோடொன்று மேற்படிவதற்கும் அச்சொல்லே வழங்குகின்றது. கம்பிகளில் எழும் மின்னிரைச்சலும் கருவியின் அழைப்பும் ஒரே பத்தியில் பேசப்படும்போது, பழுதையும் பணியையும் ஒரு சொல்லால் குறித்தல் பொருந்தாது. அழைப்பை ‘இடையழைப்பு’ எனல் தகும்.

மூலச் சொல்லின் வடிவை மட்டும் நோக்காது, அச்சொல் குறிக்கும் நிகழ்ச்சியில் யார் யாருக்காகக் காத்திருக்கின்றார் என்று வினவிய பின்னரே பெயர்த்தல் வேண்டும். எழுவாயும் நான்காம் வேற்றுமையும் தெளிந்தால் கலைச்சொல்லும் தெளியும்.