நடுக்குவாதமும் எலும்பு மெலிவும்

நடுக்குவாதம் எனப்படும் பார்கின்சன் நோய் உள்ளவர்களின் எலும்பு, அதே வயதுள்ள மற்றவர்களின் எலும்பைவிடப் பொதுவாக அடர்த்தி குறைந்திருக்கிறது. இடுப்பு எலும்பு முறியும் வாய்ப்போ அவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனால் நரம்பியல் மருத்துவர் நடுக்கத்தையும் நடையையும் பார்க்கிறார். எலும்பு மருத்துவரிடம் நோயாளி போவது முறிந்த பிறகுதான். அதுவரை எலும்பைக் கவனிக்க ஆளில்லை.

எலும்பு நாள்தோறும் கரைந்து, நாள்தோறும் புதிதாகக் கட்டப்படுவது. உடலின் எடையும் தசைகளின் இழுப்பும் அதன்மேல் விழுந்தால்தான் கட்டும் வேலை ஒழுங்காக நடக்கும். மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருள் குறைந்து, நடை தளர்ந்து, நாற்காலியே கதி என்றாகும்போது கரைவது முந்துகிறது, கட்டுவது பிந்துகிறது. வீட்டுக்குள்ளேயே இருப்பதால் வெயில் படுவதில்லை, வைட்டமின் டி குறைகிறது. பலருக்கு உடல் எடையும் இறங்குகிறது: வாசனை தெரிவதில்லை, மெல்லவும் விழுங்கவும் நேரமாகிறது, மலச்சிக்கல் பசியைக் கெடுக்கிறது.

மருந்துக்கும் இதில் சிறு பங்கு உண்டு. பார்கின்சனுக்குத் தரப்படும் லெவோடோபா உடலில் சிதையும்போது ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்னும் அமினோ அமிலம் கூடுகிறது. அது மிகுந்தால் எலும்பின் வலிமை குறையக்கூடும். பி12, ஃபோலிக் அமிலம் குறைவாக உள்ளவர்களிடம் இது இன்னும் ஏறும். அதற்காக லெவோடோபாவை நிறுத்துவது பெருந்தவறு. நடக்க வைப்பதே அந்த மாத்திரைதான். பி12 அளவைப் பார்த்துச் சரிசெய்தால் போதும்.

விழும் விதமும் வேறு. மற்றவர்கள் தடுக்கினால் கையை முன்னால் ஊன்றுவார்கள்; மணிக்கட்டு முறியும். பார்கின்சன் நோயாளியின் கை அந்த வேகத்தில் வருவதில்லை. பக்கவாட்டிலோ பின்பக்கமோ சாய்கிறார். அடி நேராக இடுப்பில் இறங்குகிறது. திரும்பும்போதும், வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும்போதும், இரவில் சிறுநீர் கழிக்கச் சட்டென்று எழுந்து ரத்த அழுத்தம் இறங்கும்போதும்தான் பெரும்பாலும் விழுகிறார்கள்.

முதுகெலும்பு நொறுங்குவது இதைவிட எளிதில் கவனத்துக்குத் தப்பும். கூன் விழுவது நோயின் இயல்பு என்று எல்லோரும் நினைப்பதால், புதிதாக வந்த முதுகுவலிக்கு எக்ஸ்ரே எடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

எலும்பு அடர்த்தியை டெக்சா ஸ்கேன் சில நிமிடங்களில் காட்டிவிடும், வலி கிடையாது. அந்த ஸ்கேன் தரும் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் அது எலும்புப்புரை. வழக்கமாகத் தரப்படும் அலெண்ட்ரோனேட் மாத்திரையை வாரம் ஒருமுறை, வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீருடன் விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு, அதுவும் காலையில் லெவோடோபாவுக்காகக் காத்திருப்பவருக்கு, இது லேசான காரியமல்ல. ஆண்டுக்கு ஒருமுறை சிரை வழியாக ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் இத்தகையவர்களுக்குத் தோதானது. சிறுநீரகச் செயல்பாட்டையும் வைட்டமின் டியையும் முன்னதாகப் பார்த்துக்கொள்வார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியும் உண்டு. அதைத் தள்ளிப்போட்டாலோ பாதியில் விட்டாலோ முதுகெலும்பு முறியும் ஆபத்து திரும்பி வரும்.

உணவில் நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. பாலும் நல்லதுதான், ஆனால் புரதம் லெவோடோபாவின் வேலையைத் தடுப்பதால் மாத்திரை நேரத்தோடு சேர்க்காமல் குடிப்பது நல்லது. உடற்பயிற்சியில் நிமிர்ந்து நின்று செய்பவைதான் பயன் தரும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 195 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வில், தசை நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிட தாய்ச்சி என்னும் சீனப் பயிற்சியைப் பழகியவர்கள் குறைவாகவே விழுந்தார்கள்.

எலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், உறவினர்கள் முதலில் சொல்லவேண்டியவை இரண்டு. லெவோடோபா வழக்கமான நேரத்தில் தவறாமல் கொடுக்கப்பட வேண்டும். திடீரென்று நின்றால் உடல் விறைத்துக் கடும் காய்ச்சல்கூட வரலாம். அறுவைக்குப் பின் வாந்தியை நிறுத்த மெட்டோகுளோபிரமைடு போடக் கூடாது. அது டோபமினைத் தடுத்து நோயின் அறிகுறிகளை மோசமாக்கும்.