வெற்றிலை காய்கறியா? தேங்காய் எண்ணெய் தலைக்கா?

இன்றைய மகாராஷ்டிரத்தின் அகோலாவில் வெற்றிலை வியாபாரிக்கு விற்பனை வரி போட்டார் அதிகாரி. காய்கறிக்கு வரிவிலக்கு உண்டு, வெற்றிலையும் கொடியில் விளைவதுதானே என்றார் வியாபாரி. தாவரவியல்படி பார்த்தால் அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் 1961இல் உச்ச நீதிமன்றம் தாவரவியலையும் அகராதியையும் ஓரங்கட்டியது. கடைத்தெருவில் காய்கறி வாங்கி வா என்றால் யாரும் வெற்றிலையோடு திரும்புவதில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. அதுதான் இன்னும் கூர்மையானது. விலக்குப் பட்டியலில் முதலில் காய்கறி ஓரிடத்திலும் வெற்றிலை தனியாக வேறிடத்திலும் இருந்தன. பிறகு ஒரு திருத்தத்தில் வெற்றிலையை எடுத்துவிட்டார்கள். காய்கறிக்குள்ளேயே வெற்றிலை அடக்கம் என்றால் அதைத் தனியாக எழுதுவானேன், மெனக்கெட்டு நீக்குவானேன்?

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் ஓர் அண்ணன் உண்டு. 1893இல் தக்காளி பழமா, காய்கறியா என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டியிருந்தது. இறக்குமதியாகும் காய்கறிக்கு 10 சதவீதத் தீர்வை. விசாரணையில் வக்கீல்கள் அகராதியைத் திறந்து ஒருவர் தக்காளியை வாசிக்க, எதிர்த்தரப்பு கத்தரிக்காயையும் வெள்ளரிக்காயையும் வாசித்திருக்கிறது. சாப்பாட்டோடு பரிமாறுவது காய்கறி, சாப்பிட்டு முடித்தபின் வருவது பழம் என்ற கணக்கில் தக்காளி காய்கறியானது.

இப்படிச் சொல்லுக்குப் பொருள் தேடும் சண்டை மேல்முறையீட்டில் எப்படி நடக்கும்? மேல்முறையீடு என்றால் வழக்கை முதலிலிருந்து நடத்துவது என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாகச் சாட்சிகள் மறுபடி கூண்டேறுவதில்லை. கீழ் நீதிமன்றத்தின் பதிவுகளும் தீர்ப்பும்தான் மேசைக்கு வரும். சாட்சி தடுமாறியதை நேரில் பார்த்தவர் விசாரணை நீதிபதி. அதனால் சாட்சியை நம்புவதா வேண்டாமா என்பதில் அவர் முடிவை மேல் நீதிமன்றம் லேசில் தொடாது. சட்டச் சொல்லுக்குப் பொருள் சொல்வதில் அந்தத் தயக்கம் கிடையாது. சிவில் வழக்கில் உயர் நீதிமன்றத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு போக, நடைமுறைச் சட்டத்தின் 100ஆம் பிரிவுப்படி முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

பொருள் சொல்வதில் மேலே இருப்பவர்களும் ஒத்துப்போவார்கள் என்று சொல்ல முடியாது. சேலம் மத்திய கலால் ஆணையருக்கும் மதன் ஆக்ரோ இண்டஸ்ட்ரீஸுக்கும் நடந்த வழக்கே சாட்சி. சின்ன பாட்டிலில் வரும் சுத்தமான தேங்காய் எண்ணெய் தலைக்குத்தான் என்றது கலால் துறை, தீர்ப்பாயம் ஏற்கவில்லை. துறை உச்ச நீதிமன்றம் போனது. 2018இல் இரு நீதிபதிகள் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்: ரஞ்சன் கோகோய்க்கு அது சமையல் எண்ணெய், தமிழ்நாட்டைச் சேர்ந்த ஆர். பானுமதிக்குத் தலை எண்ணெய்.

விவகாரம் மூன்று நீதிபதிகளிடம் போய், 2024 டிசம்பர் 18இல் தீர்ந்தது. பாட்டில் சின்னது என்பதாலேயே எண்ணெய் தலைக்குப் போய்விடாது, சமையலுக்கும் கொஞ்சமாக வாங்குவோர் உண்டு என்றது தீர்ப்பு. தலைக்கென்றே விற்கும் விதத்தில் பாட்டிலும் லேபிளும் இருந்தால்தான் தலை எண்ணெய். அப்போது சமையல் எண்ணெய்க்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், தலை எண்ணெய்க்கு 18. ஆண்டு திரும்புவதற்குள், 2025 செப்டம்பர் 22 முதல், தலை எண்ணெய்க்கும் அரசு 5 சதவீதமே ஆக்கிவிட்டது.