உண்மை விசுவாசத்தின் உரைகல்

பக்தி மிகுந்தோர் யாவரும் மெய்யான கிறிஸ்தவ விசுவாசம் உடையவர்தாமா? இக்கேள்வி கிறிஸ்தவ சமயத்தின் தொடக்க காலந்தொட்டே இருந்து வருகின்றது. கொரிந்து நகரத்துச் சபையாருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், தாங்கள் விசுவாசத்தில் நிற்கின்றனரா எனத் தங்களையே சோதித்துப் பார்க்கும்படி பவுல் அடிகள் பணிக்கின்றார். எதைக் கொண்டு சோதிப்பது? பொன்னுக்கு உரைகல் உண்டு. மனத்திற்கு உரைகல் ஏது? இதற்கு விடை காண முயன்றோருள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர், அமெரிக்காவில் வாழ்ந்த ஜோனதன் எட்வர்ட்ஸ் (1703-1758) என்னும் போதகர் ஆவார்.

அவர் ஊழியம் புரிந்த நார்தாம்ப்டன், அந்நாளில் ஆங்கிலேயரின் குடியேற்ற நாடாக இருந்த மாசசூசெட்ஸில் உள்ளது. 1734 ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வூரில் பெரியதொரு சமய எழுச்சி தோன்றிற்று. எங்கு நோக்கினும் ஆன்ம ஈடேற்றத்தைப் பற்றிய பேச்சே பேச்சு. அரையாண்டுக் காலத்தில் 300 பேருக்கு மேல் மனந்திரும்பினர் என்று எட்வர்ட்ஸ் எழுதி வைத்தார். ஆயினும் 1735 ஜூன் முதல் நாள், அவர் தாயின் உடன்பிறந்தாளை மணந்தவரான ஜோசப் ஹாலி என்பவர், தமக்கு மீட்பில்லை என்னும் ஏக்கத்தால் கழுத்தை அறுத்துக்கொண்டு மாண்டார். அதனோடு எழுச்சியும் தணியலாயிற்று. மனந்திரும்பியவர் எனப் பெயர் பெற்றோர் பலர் பழைய சண்டை சச்சரவுகளுக்கே மீண்டதைப் பின்னாளில் அவர் கண்ணாரக் கண்டார்.

1740 இல் ஜார்ஜ் விட்பீல்டு என்னும் சொற்கொண்டல் அந்நாட்டுக்கு வந்து பொழிவாற்றினார். மறுபடியும் எழுச்சி, இம்முறை ஊருக்கு ஊர். மக்கள் அலறினர், மயங்கி வீழ்ந்தனர். ஜேம்ஸ் டேவன்போர்ட் என்னும் போதகர் 1743 இல் நியூ லண்டன் நகரில் பிறர் எழுதிய சமய நூல்களைக் குவித்துத் தீயிட்டுக் கொளுத்தும் அளவுக்குச் சென்றார். (மறு ஆண்டே அவர் தம் செயலுக்கு வருந்தி அறிக்கை விட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) பாஸ்டன் நகரத்துச் சார்ல்ஸ் சான்சி, இவையெல்லாம் வெறும் உணர்ச்சி வெறி என்று கடிந்து எழுதினார். இரு சாராரையும் மறுத்து எட்வர்ட்ஸ் 1746 இல் வெளியிட்ட நூலே சமய உணர்வுகளைப் பற்றிய ஆராய்ச்சி நூல்.

உணர்ச்சி இல்லாத சமயம் சமயமே அன்று என்பது அந்நூலின் முதற்கோள். ஆனால் உணர்ச்சியுள்ள சமயம் எல்லாம் மெய்ச்சமயமும் அன்று. இதனை விளக்க, எவையெவை சான்றாகமாட்டா என்று முதலில் 12 கூறுகளை எடுத்துக் காட்டுகின்றார். என் கருத்தில் நூலின் உயிர்நாடி இப்பகுதியே. உள்ளம் உருகுதல், உடல் நடுங்குதல், சமயத்தைப் பற்றி ஓயாது பேசுதல், வேத வாக்கியம் திடீரென நினைவில் எழுதல், வழிபாட்டில் நெடுநேரம் கழித்தல், தாம் மீட்கப்பட்டோம் என ஐயமின்றி நம்புதல், நல்லோர் கேட்டு மகிழும்படி தம் அனுபவத்தை எடுத்துரைத்தல் ஆகிய இவற்றுள் ஒன்றும் சான்றாகாது என்கின்றார். இவை பொய் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மெய்யன்பரிடத்தும் இவை உண்டு, வேடதாரியிடத்தும் உண்டு. ஆதலால் இவற்றைக் கொண்டு ஒன்றும் துணிதல் இயலாது. ஆலயத்தில் கண்ணீர் சொரிந்ததையே தம் விசுவாசத்திற்கு அத்தாட்சியாகக் கொண்டவர் இப்பகுதியைப் படித்தால் திகைத்துப் போவார்!

பின்னர் மெய்யான அடையாளங்கள் 12 கூறுகின்றார். கடவுள் நமக்கு நன்மை செய்தார் என்பதற்காக மட்டுமன்றி, அவருடைய தூய்மையின் அழகுக்காகவே அவரை நேசித்தல், தாழ்மை, சாந்தம், பாவத்தைக் கண்டு கூசும் மென்மை, பக்தி ஒரு பக்கம் பெருத்து மறுபக்கம் சிறுக்காமல் எல்லாக் கடமையிலும் ஒத்திருத்தல் முதலியன அவை. கடைசி அடையாளம் நடத்தை. இதற்கே அவர் மிகப் பல பக்கங்களை ஒதுக்கினார். தன்னைத் தானே துருவித் துருவி ஆராய்வதைக் காட்டிலும், துணிந்து நற்செயலில் இறங்குவதாலேயே உறுதி பிறக்கும் என்பது அவர் துணிபு. ஹாலியின் முடிவைக் கண்டவர் எழுதியது என்பதை நினைத்துக்கொண்டு இதனைப் படிக்க வேண்டும். மேலும் இவ்வடையாளங்களைக் கொண்டு, பிறருள் இவர் மெய்யர், இவர் பொய்யர் என ஐயமறப் பிரித்துவிட முடியாது என்றும் அவர் எச்சரிக்கின்றார்.

இங்ஙனம் எச்சரித்தவருக்கே ஒரு சோதனை வந்தது. அவருக்கு முன்னிருந்த போதகர், அவர் தாய்வழிப் பாட்டனார் சாலமன் ஸ்டாடர்டு. நல்லொழுக்கமுடைய எவரும் திருவிருந்தில் பங்கு பெறலாம். அதுவே அவர் மனத்தை மாற்றவுங்கூடும் என்பது பாட்டனார் வகுத்த வழக்கம். உள்ளத்து விசுவாசத்தை வாயால் அறிக்கையிட்டோரையே சேர்க்க வேண்டும் என்று பேரனார் மாற்ற முயன்றார். ஊரார் பொறுக்கவில்லை. 1750 ஜூனில், 23 ஆண்டுக் காலம் பணி செய்தவரை வாக்கெடுத்து விலக்கினர். எதிர்த்தோர்க்குத் தலைமை நின்றவருள் ஒருவர், மாண்டுபோன ஹாலியின் மகன். 1760 இல் அவர் தம் பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அப்போது எட்வர்ட்ஸ் உயிரோடு இல்லை.

நடத்தையே உரைகல் என்றாரே, அவர் நடத்தை எத்தகையது? 1731 இல் நியூபோர்ட் துறைமுகத்தில் ஏறத்தாழ 14 வயதுடைய வீனஸ் என்னும் ஆப்பிரிக்கச் சிறுமியை 80 பவுன் கொடுத்து அடிமையாக வாங்கியவர் அவர். அவர் இறந்தபின் எடுத்த உடைமைப் பட்டியலில், டைட்டஸ் என்னும் கறுப்பினச் சிறுவன் கால்நடைகளோடு சேர்த்து எழுதப்பட்டுள்ளான். அக்காலத்து வழக்கம் அது என்று சிலர் சமாதானம் கூறுவர். ஊர் வழக்கத்தைப் பொருட்படுத்தாது திருவிருந்து முறையை மாற்றத் துணிந்து பதவியையே இழந்தவருக்கு அச்சமாதானம் பொருந்துமோ? பக்தி எல்லாப் பக்கமும் ஒத்து வளர வேண்டும் என்று எழுதிய கை அது. அவருடைய மாணாக்கர் சாமுவேல் ஹாப்கின்ஸ் 1776 இல் அடிமை முறையைக் கண்டித்து ஒரு நூல் எழுதினார். தந்தையின் பெயரையே தாங்கிய மகன் ஜோனதன் எட்வர்ட்ஸ், 1791 இல் நியூ ஹேவன் நகரில் அடிமை வாணிகத்தையும் அடிமை முறையையும் அநீதி என்று பொழிவாற்றி அதனை அச்சிட்டும் வெளியிட்டார்.